1955-இல் ஒரு சிற்றூர் வீடு: அடுப்பும் விளக்கும் ஊர்ச்செய்தியும்

பள்ளி விழாவுக்காக 1955–56 காலத்துச் சிற்றூர் வீடு ஒன்றை மேடையில் காட்டப்போகிறோம், அந்த வீட்டில் ஒரு நாள் எப்படிப் போகும், ஊர்ச்செய்தி உள்ளே எப்படி வரும், என்னென்ன சாமான் வைக்கலாம் என்று கேட்டிருக்கிறீர்கள். கதை நடப்பது மதுரை, இராமநாதபுரம் பக்கத்துக் கரிசல் பூமி என்றும் சொல்லியிருக்கிறீர்கள். அந்தப் பக்கத்து வழக்கத்தையே எழுதுகிறேன். காவிரிப் பாசனத்து ஊர் என்றால் சோறு, விறகு, தண்ணீர் மூன்றுமே வேறு மாதிரி இருந்திருக்கும்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மேடையில் செய்தி என்றால் ஒருவர் மூச்சிரைக்க ஓடிவருவார், மற்றவர்கள் கைவேலையைப் போட்டுவிட்டு நின்று கேட்பார்கள். நிஜத்தில் அப்படி வந்தது சாவும் தீயும்தான். மற்றதெல்லாம் வேலையோடு வேலையாக வந்தது. உரலில் குத்தும்போது, ஊருணியில் குடம் நிறையும்போது, வாசலில் ஈயம் பூசுகிறவர் துருத்தி ஊதும்போது பேச்சில் கலந்து வந்தது. வேலையைச் சரியாகக் காட்டுங்கள், செய்தி அதன் கூடவே வரும்.

அடுத்தது காசும் அளவும். நாடகங்களில் அதிகம் தப்பிப்போவது இங்கேதான். நயா பைசா 1957 ஏப்ரல் 1-ஆம் தேதிதான் வந்தது. உங்கள் கதையில் ரூபாய்க்கு 16 அணா, அணாவுக்கு 12 தம்பிடி. காலணா என்றால் 3 தம்பிடி. யுத்த காலத்தில் அடித்த, நடுவில் ஓட்டை உள்ள காலணா அப்போதும் கைகளில் புழங்கியது. மேடையில் ஒரு சிறுமி அதை நூலில் கோத்துக் கழுத்தில் போட்டிருந்தால் சரியாகவே இருக்கும். கதையைத் தப்பித்தவறி 1957-க்குத் தள்ளினால் கடையில் ஒரு சண்டைக் காட்சி இலவசமாகக் கிடைக்கும். அரசாங்க அட்டவணைப்படி ஓரணாவுக்கு 6 நயா பைசா, இரண்டணாவுக்கு 12, மூன்றணாவுக்கு 19, நாலணாவுக்கு 25. நாலு தடவை ஓரணாச் சாமான் வாங்கினால் 24, ஒரே தடவையில் நாலணாவுக்கு வாங்கினால் 25. அந்த ஒரு பைசா எங்கே போயிற்று என்பதுதான் சண்டை.

நிறைக்குப் பலம், சேர், வீசை. 8 பலம் ஒரு சேர், 5 சேர் ஒரு வீசை, அதாவது 40 பலம்; இன்றைய கணக்கில் வீசை ஏறத்தாழ 1.4 கிலோ. முகத்தலுக்கு ஆழாக்கு, உழக்கு, உரி, படி; 8 ஆழாக்கு ஒரு படி. படி ஊருக்கு ஊர் மாறும், அதனால் தானியம் பேசும்போது 'எந்த ஊர்ப் படி' என்று கேட்பது வழக்கம். 'கிலோ' என்ற சொல்லை யார் வாயிலும் வைக்காதீர்கள். மாநிலத்தின் பெயர் சென்னை ராஜ்யம். முதலமைச்சர், 1954 ஏப்ரலில் இருந்து காமராஜர். ரேஷன் அரிசிக் கட்டுப்பாட்டை 1952 ஜூனிலேயே ராஜாஜி எடுத்துவிட்டார், ஆகவே 1955-இல் அரிசிக்கு வரிசையில் நிற்கும் காட்சி வேண்டாம்.

இனி வீடு. விடியலுக்கு முன்னால் வாசலில் சாணம் கரைத்துத் தெளித்துப் பெருக்கிக் கோலம். அடுப்படியில் முந்தின நாள் சாம்பலை வாரி ஓரமாக வைப்பார்கள், கொட்டிவிட மாட்டார்கள். பாத்திரம் துலக்க, பல் துலக்க, விளக்குக் கண்ணாடி துடைக்க எல்லாவற்றுக்கும் அதுதான். சிவகாசியில் 1920-களிலேயே தீப்பெட்டித் தொழில் வந்துவிட்டது, தீப்பெட்டிக்குப் பஞ்சமில்லை. இருந்தாலும் பக்கத்து வீட்டு அடுப்பு எரிகிறது என்றால் குச்சியைச் செலவழிக்க மனம் வராது. தேங்காய்ச் சிரட்டையிலோ எருவாட்டி எனும் சாண வறட்டித் துண்டின் மேலோ இரண்டு கங்கு வாங்கிவருவார்கள். கங்கு வாங்கப் போன வீட்டில் நேற்று ராத்திரி யார் வந்தார்கள், பிள்ளைக்குக் காய்ச்சல் விட்டதா, மாடு ஈன்றதா என்று தெரிந்துவிடும். நாளின் முதல் செய்தி அது.

கரிசல் காட்டில் விறகு என்றால் பெரும்பாலும் பருத்திமார்தான். பஞ்செடுத்து முடிந்த செடியைப் பிடுங்கிக் காயவைத்துக் கட்டிப் படப்பாக அடுக்கியிருப்பார்கள். மார் சடசடவென்று எரிந்து பத்து நிமிடத்தில் சாம்பலாகும். அதனால் அடுப்புக்கு முன்னால் ஓர் ஆள் உட்கார்ந்து தள்ளிக்கொண்டே இருக்க வேண்டும். எருவாட்டி இதற்கு நேர் எதிர். புகைந்து புகைந்து மெல்ல எரியும், பால் காய்ச்சவும் பருப்பு வேகவும் அதுதான் ஏற்றது. மழை மாதத்தில் எருவாட்டி நமத்துப்போனால் வீடெல்லாம் புகை, கண் எரிச்சல். மேடையில் அடுப்பு வைத்துவிட்டு நடிகையை வீடெல்லாம் நடமாட விடாதீர்கள். மார் எரிகிற அடுப்பை விட்டு நகர முடியாது. பேச வருகிறவர்கள்தான் அடுப்படி நிலைக்கு வந்து சாய்ந்து நின்று பேசுவார்கள்.

சாப்பாடு அன்றாடம் கம்பு, சோளம், கேப்பை. நெல்லுச்சோறு நாள் கிழமைக்கு, விருந்தாளிக்கு, சீக்காளிக்கு. இட்லி, தோசை தீபாவளி, பொங்கல் மாதிரி நாட்களில். கம்பை நேராகக் கொதிக்கவைத்தால் கூழ் வராது. முதலில் உரலில் போட்டு லேசாகத் தண்ணீர் தெளித்துப் பிசறிக் கொஞ்ச நேரம் ஊறவிட வேண்டும். பிறகு குத்தினால் மேல்தோல் கழன்றுவரும். புடைத்துத் தவிட்டை நீக்கிவிட்டு மறுபடி குத்தி, நொய்யையும் மாவையும் தனித்தனியாகப் பிரிக்க வேண்டும். உலையில் முதலில் நொய், அது வெந்ததும் மாவைக் கரைத்து ஊற்றி, கட்டி விழாமல் துடுப்பால் கிண்ட வேண்டும். தண்ணீர் தெளிக்கிற அளவில்தான் கைப்பக்குவம். கூடிவிட்டால் உரலுக்குள் களியாக ஒட்டிக்கொள்ளும். குறைந்தால் தோலோடு சேர்ந்து நொறுங்கித் தொண்டையில் அறுக்கும். இரண்டு பெண்கள் மாற்று உலக்கை போடும்போது பேச்சும் அந்தத் தாளத்திலேயே துண்டு துண்டாகத்தான் வரும். நீளமான வசனத்தை அங்கே வைத்தால் உலக்கை நின்றுவிடும்.

தண்ணீர்க் கதை பெரிது. கரிசல் ஊர்களில் கிணற்றுத் தண்ணீர் பல இடங்களில் உப்பு, அதனால் குடிக்க ஊருணித் தண்ணீர். மழைநீர் தேங்குகிற குளம் அது. குளிக்கவோ, மாடு கழுவவோ, துணி துவைக்கவோ விடமாட்டார்கள். கோடையில் தண்ணீர் கலங்கி மண்ணிறமாக வரும். அதைத் தெளியவைக்கத் தேத்தாங்கொட்டை. மண்பானையின் உட்பக்கச் சொரசொரப்பில் ஒரு கொட்டையைத் தண்ணீர் தொட்டு இரண்டு நிமிடம் வட்டமாகத் தேய்ப்பார்கள். பால் மாதிரி ஒரு விழுது வரும். அதன்மேல் கலங்கல் தண்ணீரை ஊற்றிக் கலக்கிவிட்டு ராத்திரி முழுக்க அசைக்காமல் விட்டால், காலையில் வண்டல் அடியில் உட்கார்ந்திருக்கும். மேல்தண்ணீரைப் பானையை ஆட்டாமல் மொண்டு வேறு பானைக்கு மாற்ற வேண்டும். அதிகம் தேய்த்துவிட்டால் தண்ணீரில் ஒரு வழுவழுப்பும் துவர்ப்பும் தட்டும். இது கலங்கலைத்தான் எடுக்கும், கிருமியை எடுக்காது. நரம்புச் சிலந்தி நோய் அந்தக் காலத்தில் ஊருணித் தண்ணீரால்தான் வந்தது. மடித்த வேட்டித் துணியில் வடிகட்டிக் குடித்த வீடுகள் தப்பின.

ஊருணிக்கரை பெண்களின் செய்தி நிலையம் என்று எழுதுவது சுலபம். ஆனால் எல்லாப் பெண்களுக்குமான இடமாக அது இல்லை. தீண்டாமைக் குற்றச் சட்டம் 1955 ஜூன் 1-ஆம் தேதி நடைமுறைக்கு வந்தது. உங்கள் கதை நடக்கிற ஆண்டே அது. அப்படியும் ஊருணிப் படித்துறை, டீக்கடைத் தம்ளர், கோயில் வாசல் எதிலும் வழக்கம் ஒரே நாளில் மாறவில்லை. தலித் பெண்கள் கரையில் ஒதுங்கி நின்று, யாராவது மொண்டு ஊற்றினால் வாங்கிப்போக வேண்டியிருந்த ஊர்கள் பல. மேடையில் எல்லோரும் ஒரே படியில் நின்று சிரித்துப் பேசுவதாகக் காட்டினால் அது அந்த ஊருக்கே பொய்.

செய்தி சுமந்தவர்களிலும் இந்தப் பிரிவு இருந்தது. வண்ணார் வீட்டுப் பெண் வீடு வீடாக அழுக்கெடுக்கப் போவார். தீட்டு நாட்களுக்கு மாற்றுத்துணி கொடுப்பதும் அவர்தான். ஒரு வீட்டில் மாற்றுக் கேட்காமல் இரண்டு மாதம் போனால், மாமியாருக்கு முன்னால் அவருக்குத் தெரிந்துவிடும் அந்த வீட்டு மருமகள் முழுகாமல் இருப்பது. நாவிதர் வீட்டுப் பெண்தான் மருத்துவச்சி, பிள்ளைப்பேற்றுக்கு முதலில் ஆள் போவது அவர் வீட்டுக்கு. ஊரின் அந்தரங்கம் முழுவதும் இவர்கள் கையில் இருந்தது, அதைக் காப்பாற்றவும் செய்தார்கள். கூலியோ அறுவடைக் களத்தில் கொஞ்சம் தானியமும், இருட்டிய பிறகு வீடு வீடாகப் போய் வாங்கும் சோறும்தான். இப்படி ஒரு பாத்திரம் உங்கள் நாடகத்தில் இருந்தால் கோள் சொல்லுகிறவராகச் சித்திரிக்காதீர்கள், தயவுசெய்து. யாரிடம் எதைச் சொல்லக் கூடாது என்று அவரளவுக்கு அறிந்தவர் ஊரில் கிடையாது.

வெளியூர்ச் செய்தியை வீட்டு வாசலுக்குக் கொண்டுவந்தவர்கள் கைத்தொழிலாளிகள்: அம்மி கொத்துகிறவர், சாணை பிடிக்கிறவர், வளையல்காரர், கருவாட்டுக்காரி, ஈயம் பூசுகிறவர். ஈயம் பூசுவதை மேடையில் செய்து காட்டலாம், அழகான காட்சி. வாசலில் சின்னக் குழி தோண்டி, தோல் துருத்தியின் மூக்கை அதில் செருகிக் கரியைப் பற்றவைப்பார். பித்தளைப் பாத்திரத்தை முதலில் சாம்பலும் புளியும் போட்டுத் தேய்த்துப் பழைய களிம்பை நீக்க வேண்டும். பிறகு அனலில் திருப்பித் திருப்பிக் காட்டி, நன்றாகச் சுட்டதும் நவச்சாரப் பொடியைத் தூவுவார். வெள்ளைப் புகை குப்பென்று எழும்பும், மூக்கைப் பிடுங்குகிற நெடி. உடனே வெள்ளீயக் குச்சியை உட்புறத்தில் தொட்டு இழுத்து, அது உருகி ஓடும்போதே பஞ்சுப் பொதியால் ஒரே சுற்றாகத் துடைத்தால் பாத்திரம் முழுக்க வெள்ளிப் பூச்சு. சூடு போதவில்லையென்றால் ஈயம் திட்டுத்திட்டாக நிற்கும், ஏறிப்போனால் பூச்சு மஞ்சளாகக் கருகும். விலை குறைக்கக் காரீயம் கலந்த பூச்சை விரலால் அழுத்தித் தேய்த்தால் கறுப்பு ஒட்டும். அதைத் தேய்த்துப் பார்க்காமல் பெரியவர்கள் காசு கொடுக்க மாட்டார்கள். பூச்சுப் போன பித்தளையில் புளி சேர்ந்த குழம்பு வைத்தால் பச்சைக் களிம்பு ஏறி வாந்தி எடுக்கும். எவர்சில்வர் அப்போது வசதியான வீடுகளில் நாலைந்து பாத்திரம் இருந்தால் அதிகம். பிளாஸ்டிக் வாளி, குடம் எதுவும் வைக்க வேண்டாம். ஓலைப்பெட்டி, கடகப்பெட்டி, மண்ணெண்ணெய் வந்த தகர டின், பித்தளைக் குடம், மண்பானை போதும்.

ஒரு வீட்டுப் பாத்திரத்துக்கு அரை மணி ஆகும். பக்கத்து வீட்டார் தங்கள் பாத்திரங்களோடு வந்து உட்கார்ந்திருப்பார்கள். போன வாரம் அவர் எந்த ஊரில் இருந்தார், அங்கே மழை உண்டா, பருத்தி என்ன விலை போகிறது, கல்யாணத்துக்குப் பெண் இருக்கிற வீடு எது, எல்லாம் அந்த அரை மணியில்.

சாயங்காலம் நாலரைக்குமேல் விளக்கு வேலை. இது பிள்ளைகள் பொறுப்பு. அரிக்கேன் கண்ணாடியைக் கழற்றிச் சலித்த சாம்பலைத் துணியில் தொட்டு உள்ளும் புறமும் துடைக்க வேண்டும். தண்ணீர் விட்டுக் கழுவி ஈரம் போகாமல் மாட்டினால் திரி ஏற்றியதும் படீரென்று விரியும். திரியின் கருகிய நுனியை நேராக வெட்டி, இரு முனையையும் துளி மழுக்கிவிட வேண்டும். கோணலாக வெட்டினால் சுடர் ஒருபக்கம் கொம்பு மாதிரி நீண்டு கண்ணாடியில் புகை அப்பும். எண்ணெயை முழுக்க நிரப்பாமல் முக்கால் அளவு விடுவார்கள். விளக்கு வைத்த பிறகு உப்பு, எண்ணெய், ஊசி, காசு எதையும் வெளியே கொடுப்பதில்லை. இரவல் கேட்டு ஒருவர் வரவேண்டிய காட்சி இருந்தால் விளக்கு ஏற்றுவதற்கு முன்னால் வையுங்கள், பின்னால் வைத்தால் அது வேறொரு வம்பாகிவிடும்.

பெட்ரோமாக்ஸ் வீட்டுச் சாமான் இல்லை. கல்யாணம், கூத்து, கூட்டம் என்றால் கடையில் வாடகைக்கு எடுப்பது. மேண்டில் எனும் வலைப்பையை அதன் நூலாலேயே கட்டி, எரித்து வெள்ளைச் சாம்பல் கூடாக்கி, ஸ்பிரிட் ஊற்றிக் குழாயைச் சூடாக்க வேண்டும். ஸ்பிரிட் எரிந்து முடிகிற தறுவாயில் காற்றுத் திருகை மூடிப் பம்பு அடித்தால் உஸ்ஸென்று வெளிச்சம் பிடிக்கும். சூடு பத்தாமல் பம்பு அடித்தால் மஞ்சள் நெருப்பு மேலே பாய்ந்து கண்ணாடி கரியாகும். காற்றைத் திறந்துவிட்டு மறுபடி முதலில் இருந்து செய்வதே வழி. வெளிச்சம் மங்கினால் நிப்பிளில் அடைப்பு, பின்னைத் திருகிக் குத்திவிட வேண்டும். மேண்டில் வெறும் சாம்பல்தான் என்பதால் விளக்கைத் தூக்குகிறவர் குலுங்காமல் நடப்பார். அதில் ஓட்டை விழுந்தால் அந்த வழியாக வரும் அனல் நேரே கண்ணாடியில் அடித்து உடைத்துவிடும்.

இப்போது ஊர்ப் பொதுச்செய்தி. வரி வசூலிக்கும் கிராம முன்சீப், நிலக்கணக்கு எழுதும் கணக்குப்பிள்ளை, காவல் பார்க்கும் தலையாரி இவர்கள்தான் அரசாங்கம். பிறப்பு, இறப்புப் பதிவேடும் முன்சீப்பிடம்தான். எல்லோருக்கும் தெரியவேண்டியதைத் தமுக்கு அடித்துச் சொல்வார்கள். ஒவ்வொரு முக்கிலும் நின்று அடித்துவிட்டு, "இதனால் சகலமானவர்களுக்கும் அறிவிப்பது என்னவென்றால்" என்று தொடங்கும். கண்மாய் மடை திறப்பு, தீர்வை கட்டக் கடைசி நாள், காலரா ஊசி போட ஆள் வருகிறார், மாரியம்மன் திருவிழா தொடங்குவதற்கான காப்புக் கட்டு, காணாமல்போன காளை இப்படி இருக்கும். ஒரு தமுக்கில் ஒரு செய்திதான். அடிக்கிறவர் தலித் சமூகத்தவர். அது அவர் விரும்பி எடுத்த வேலை இல்லை, சாதி அவர்மேல் சுமத்தியது. இந்த வழக்கத்தைக் கைவிடச் சொல்லித் தமிழக அரசு அறிவுறுத்தியதே 2022-இல்தான். அதனால் தமுக்கடிக்கிறவரைச் சிரிப்புப் பாத்திரமாக்கும் பழைய நாடக வழக்கத்தை நீங்கள் தொடர வேண்டாம்.

காப்புக் கட்டு என்ற செய்தி வீட்டின் அன்றாடத்தையே மாற்றும். கட்டிய பிறகு ஊர்க்காரர் வெளியூரில் இரவு தங்கக் கூடாது, கல்யாணப் பேச்சு எடுக்கக் கூடாது, பல ஊர்களில் உலக்கை போடவும் கூடாது. அதனால் தமுக்குச் சத்தம் கேட்டதும் பெண்கள் முதலில் பார்ப்பது மாவு இருப்பைத்தான். அடுத்த பத்து நாளுக்குக் குத்தி வைத்துக்கொள்ள வேண்டுமே.

பத்திரிகை ரயிலிலோ பஸ்ஸிலோ வரும். தினமணி 1934-இல் இருந்து வருகிறது. மதுரையில் 1942-இல் தொடங்கிய தினத்தந்தியின் பேச்சுத் தமிழும் பெரிய எழுத்தும் எழுத்துக்கூட்டிப் படிக்கிறவர்களை இழுத்தன. வாங்குவது டீக்கடை, முடிதிருத்தும் கடை, வாசகசாலை. 1951 கணக்கெடுப்பில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவருக்குத்தான் எழுத்தறிவு, அதனால் ஒருவர் உரக்கப் படிக்கப் பத்துப் பேர் கேட்டார்கள். வீட்டுக்கு வந்தது பத்திரிகை இல்லை, டீக்கடையில் கேட்டவர் சொன்னது. அவர் மறந்ததும் கூட்டியதும் சேர்ந்துதான் வந்தது.

ரேடியோ பஞ்சாயத்துப் பூங்காவிலோ சாவடியிலோ இருக்கும். திருச்சி நிலையம் 1939-இல் இருந்தே ஒலிபரப்பியது. வால்வு செட் என்பதால் திருகியதும் பேசாது, வால்வு சூடாக அரை நிமிடமாவது ஆகும். மின்சாரம் வராத ஊரில் பாட்டரி செட். பாட்டரி இறங்க இறங்கக் குரல் கம்மிக்கொண்டே போகும். தனி வீட்டில் வைத்தால் அஞ்சலகத்தில் லைசென்ஸ் எடுத்து ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டும். சினிமாப் பாட்டுக்கு இலங்கை வானொலியைத் திருப்புவார்கள். டிரான்சிஸ்டரை 1955 மேடையில் வைக்காதீர்கள்.

உங்கள் ஆண்டில் உண்மையான ஊர்ப்பேச்சு வேண்டுமென்றால் இரண்டு இருக்கின்றன. 1956 ஜூலை 27-இல் விருதுநகரில் சங்கரலிங்கனார் உண்ணாவிரதம் தொடங்கினார். ராஜ்யத்துக்குத் தமிழ்நாடு என்று பெயர் வைப்பதும் அவர் கோரிக்கைகளில் ஒன்று. அக்டோபர் 13-இல் உயிர் துறந்தார். உங்கள் கதை ஊருக்கு அது பக்கத்து ஊர்ச் செய்தி, சந்தைக்குப் போனவர் பார்த்துவிட்டு வந்து சொல்லுகிற தூரம். மற்றது 1956 நவம்பர் 23 அரியலூர் ரயில் விபத்து. சென்னையிலிருந்து தூத்துக்குடிக்கு வந்த வண்டி, மருதையாற்றுப் பாலம் வெள்ளத்தில் போய் ஆற்றில் விழுந்தது. தென்மாவட்டத்து வீடுகளுக்கு வேண்டியிருந்தது விபத்துச் செய்தி அல்ல, தங்கள் ஆள் அந்த வண்டியில் ஏறினானா என்பதுதான். அதை ரேடியோ சொல்லாது. தந்தி அடித்துப் பதிலுக்குக் காத்திருக்க வேண்டும்.

தந்தி என்றாலே வீடு நடுங்கும். ஆங்கிலத்தில் வரும், வீட்டில் யாருக்கும் படிக்கத் தெரியாது. சேவகர் கையெழுத்து வாங்கிக்கொண்டு போய்விடுவார். அதை எடுத்துக்கொண்டு வாத்தியார் வீட்டுக்கோ போஸ்ட் மாஸ்டரிடமோ ஓட வேண்டும். போகிற வழியிலேயே அழுகை தொடங்கிவிடும், பிரித்துப் பார்த்தால் பேரன் பிறந்திருப்பான். மேடைக்கு இதைவிட நல்ல காட்சி கிடையாது.

சாவுச் செய்திக்குக் கேதம் சொல்ல ஆள் போவார். சொந்தக்காரர் ஊர்களை எண்ணி, திசைக்கு ஒருவராக அனுப்புவார்கள். பத்து மைல் நடக்க மூன்றரை மணி. விடியற்காலை நாலு மணிக்கு இறந்தால், ஆள் கிளம்பிப் போய்ச் சொல்லுவது எட்டு மணிக்கு. வண்டி பூட்டி அவர்கள் வந்து சேர மத்தியானம் தாண்டும். இருட்டுக்குள் எடுத்துவிட வேண்டும் என்பதால், மகள் எந்த ஊரில் வாக்கப்பட்டிருக்கிறாள் என்பதைப் பொறுத்துத்தான் எடுக்கும் நேரம் முடிவாகும். கேதம் சொல்லுகிறவர் வாசலிலேயே நின்று சொல்லுவார், உள்ளே வரமாட்டார், 'போயிட்டு வாரேன்' என்று சொல்லிக்கொள்ளவும் மாட்டார். சாவுக்குச் செய்தி காதில் விழுந்தாலே போக வேண்டும். கல்யாணத்துக்கு அப்படி இல்லை. ஊர் முழுக்கத் தெரிந்தாலும் வெற்றிலை பாக்கு வைத்து நேரில் அழைத்தால்தான் அழைப்பு. "பாக்கு வைக்கலை" என்ற ஒரு வார்த்தையில் இரண்டு தலைமுறை பேசாமல் இருந்த பங்காளிகள் உண்டு.

கடைசியாக, நீங்கள் கேட்ட கடிதம். தபால் கார்டை வழியில் யாரும் படிக்கலாம் என்பதால் அதில் பொதுச் சேதிதான் இருக்கும். ஒட்டி மூடும் இன்லண்டு லெட்டர் 1950 அக்டோபர் 2-இல் வந்தது. கடன், வரன், மாமியார் மருமகள் விவகாரம் எல்லாம் அதில் ஏறின. மேலே பிள்ளையார் சுழி, ஊர், தேதி. "இவ்விடம் யாவரும் க்ஷேமம். அவ்விடம் க்ஷேமத்திற்குப் பதில் எழுதவும்" என்று தொடங்கும். அடுத்து மழை, வெள்ளாமை, மாடு கன்று. சொல்லவந்தது அதற்குப் பிறகுதான், "நிற்க" என்ற சொல்லுக்கு அடுத்து வரும். எடுத்த எடுப்பில் விஷயத்துக்கு வரும் கடிதத்தை மேடையில் வாசித்தால் பழைய ஆள் ஒருவர்கூட நம்பமாட்டார்.

நல்ல சேதிக்கு நாலு மூலையிலும் மஞ்சள் தடவுவார்கள். சாவு, கருமாதிச் சேதி என்றால் ஓரத்தில் கறுப்பு மை; பிள்ளையார் சுழி கிடையாது, நலம் விசாரிப்பும் கிடையாது, இறந்தவர் பெயர், நாள், கருமாதித் தேதி மட்டும். அதை வாசலில் நின்றபடியே படித்துக் கிழித்துப் போட்டுவிட்டு, தலை முழுகித்தான் வீட்டுக்குள் நுழைவார்கள். அந்தக் காலத்துக் கல்யாணப் பத்திரிகை பழைய டிரங்குப் பெட்டிகளின் அடியில் இன்றும் கிடைக்கும், கேட்டு வாங்கிக்கொள்ளலாம். கருமாதிக் கார்டை எந்த வீட்டிலும் வைத்திருக்க மாட்டார்கள், அதை மட்டும் நீங்களே எழுதிக்கொள்ளுங்கள்.